அம்மன் படத்தடியில் முளைத்த இலை

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்து, வேண்டாம் என்று மூடி வைத்த வருஷங்கள் பல. பயம்தான் காரணம். சாமிக்கு விரோதமாக எழுதிவிட்டான் என்று ஒருவர் சொன்னால்கூட என்னால் தாங்க முடியாது. விபூதி பூசாமல் நான் காலைக் காபியைத் தொட்டதில்லை. சஷ்டி விரதம் விட்டதில்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது, அதன்பின் ஐ.டி.ஐ., தொழிற்சாலை, இப்போது பென்ஷன். எழுத்தில் பிழை இருக்கலாம். விஷயத்தில் இல்லை.

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியின் படத்தை யார் யாரோ போனில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். படம் எங்கள் வீட்டுடையதுதான். அதற்குக் கீழே எழுதியிருப்பது எங்கள் வீட்டில் நடந்ததல்ல. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுதான் சாமிக்கு விரோதம் என்று பட்டதால் எழுதுகிறேன்.

முதலில் செடி. நாங்கள் இருப்பது செகந்திராபாத் மெட்டுகுடாவில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. மகனும் மருமகளும் கச்சிபௌலியில். மருமகளின் ஆபீசில் ஏதோ விழாவென்று ஆளுக்கொரு குட்டிச் செடி கொடுத்தார்கள். சக்யுலண்ட் என்று பெயர். இலையெல்லாம் சதைப்பற்றாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற தாமரைபோல இருக்க வேண்டியது. அவள் இங்கே கொண்டுவந்தபோது, வெயில் காணாமல் கழுத்து நீண்டு, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது.

"மாமா, நீங்களே வச்சுக்கோங்க. தினம் தண்ணி ஊத்தினேன், அப்பவும் டல்லாவே இருக்கு."

தினம் ஊற்றினாளாம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும். தொட்டியைத் திருப்பிப் பார்த்தேன், அடியில் ஓட்டையே இல்லை. மேலே வெள்ளைக் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். மேசையில் மண் சிந்திவிடக் கூடாதே! உயிருள்ள ஒன்றின் கழுத்தைச் சுற்றிப் பசை தடவி, ரிப்பன் கட்டி, பசுமையைக் காப்போம் என்று அட்டையும் சொருகிக் கொடுக்கிற மகான்கள்.

பேனாக்கத்தியால் பசையைப் பெயர்த்தேன். உள்ளே வேர் கறுத்துக் கூழாகியிருந்தது. செடியின் தலையை நறுக்கி, வெட்டுவாய் காயட்டும் என்று நிழலில் வைத்தேன். தண்டில் மிச்சமிருந்த இலைகளைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டிக் கழற்றினேன். அடி முழுசாகக் கழன்று வர வேண்டும். கிழிந்து வந்தால் அது வெறும் இலை. முழுசாக வந்தால் அதற்குள் ஒரு செடி இருக்கிறது. ஒரு எவர்சில்வர் தட்டில் மணலும் செங்கல் பொடியும் பரப்பி, மேலே அந்த இலைகளை வெறுமனே படுக்க வைத்தேன். தண்ணீர் கிடையாது. ஆரம்பத்தில் மண்கூட அவசியமில்லை. வேண்டிய ஈரம் இலைக்குள்ளேயே இருக்கிறது. சில வாரங்களில் இலையின் அடியில் நூல்போல வேர் ஓடும், பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு செடி எழும்பும். தாய் இலை தன்னிடம் இருந்ததையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கிப்போகும். முதல் தடவை இதைப் பார்த்தபோது என்னையறியாமல் கும்பிட்டேன். படைத்தவன் இப்படியெல்லாம் யோசித்து வைத்திருக்கிறானே என்று. அந்தக் கும்பிடு வேறு. பிறகு எங்கள் வீட்டில் நடந்த கூத்து வேறு.

எங்களுக்கு மேல்மாடியில் இருக்கும் அம்மாளின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே வேலைக்கென்று செகந்திராபாத் வந்தது. தமிழில் பாதி உருது கலந்து பேசுவார்; ஏன் என்பதற்குக் கைக்கு, ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ. பால்கனியில் என் தட்டைப் பார்த்த அன்றே ஆரம்பித்தார்.

"கைக்கு அண்ணா இப்படி? இலைய வடாம் மாதிரி காய வச்சிருக்கீங்க. பொரிச்சுச் சாப்பிடப் போறீங்களா?"

சிரித்துவிட்டுப் போனால் பரவாயில்லை. மறுநாள் நான் இல்லாத நேரத்தில், பாவம் காய்கிறதே என்று ஒரு சொம்புத் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டார். முக்கால்வாசி இலை அழுகிவிட்டது. கேட்டால், "நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றார். இந்தத் தேசத்தில் பாதிக் கெடுதல் இப்படித்தான் நடக்கிறது. தப்பித்த இலைகளை, அவர் கைக்கு எட்டாதபடி, பால்கனியில் வாஷிங் மெஷினுக்கு மேலே இருக்கும் பலகையில் ஏற்றி வைத்தேன்.

இனி என் மனைவியின் கண். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றியேவிட்டது. இடது கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது. பால் பொங்குவதைச் சத்தத்தில்தான் தெரிந்துகொள்வாள். அரிசியில் கல் பொறுக்குவதை விரலாலேயே செய்வாள். டாக்டர் தெளிவாகச் சொன்னார்: "இன்னும் தள்ளிப்போட்டா உள்ள பிரஷர் ஏறும். நரம்பு கெட்டுப்போனா அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது." அவளுக்குக் கத்தி என்றாலே நடுக்கம். மாதக்கணக்கில் கெஞ்சி, மகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பேசிச் சம்மதிக்க வைத்தோம். குலதெய்வமான அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டாள். நான்தான் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். கார்த்திகை பிறந்ததும் ஆபரேஷன் என்று நாளும் குறித்தாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வெள்ளிக்கிழமை மேல்மாடி அம்மாள் குங்குமம் வாங்க வந்தார். பூஜை அலமாரியின் முன்னால் குனிந்தவர் அலறினார்.

"அக்கா! அக்கா! அம்மன் கால்ல பாருங்க! செடி முளைச்சிருக்கு!"

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மன் படத்தின் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இலை சிக்கியிருந்தது. அதன் அடியில் ஒரு குட்டிச் செடி. என் தட்டில் இருந்த இலைதான், சந்தேகமே இல்லை. வாஷிங் மெஷின் துணி பிழியும்போது பால்கனியே ஆடும். மெஷின்மேல்தான் என் மனைவி பூத்தட்டை வைப்பாள். இலை அதில் விழுந்திருக்கிறது. அவள் துளசியோடு சேர்த்து அதையும் கையால் தடவி எடுத்துச் சாமிக்குப் போட்டிருக்கிறாள். கண் தெரியாததால் வந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அதைச் சொன்னேன். யார் கேட்டார்கள்?

"மண்ணு இல்ல, தண்ணி இல்ல, எப்படிண்ணா முளைக்கும்? சொல்லுங்க!"

"முளைக்கும்மா. அந்தச் செடியோட குணமே அது. வாங்க, பால்கனியில இன்னும் இருக்கு, காட்டறேன்."

கூட்டிக்கொண்டு போய்த் தட்டை இறக்கிக் காட்டினேன். எல்லா இலையிலும் செடி எழும்பியிருந்தது. அதைப் பார்த்தாவது தெளிவார் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல? அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஹவ் அண்ணா! அம்மா இங்கயும் வந்துட்டா!" என்று வாஷிங் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாலைக்குள் போட்டோ காலனி முழுக்கப் போய்விட்டது. எங்கள் காலனி பஜனைக் குழுத் தலைவர் வந்தார். அவர் மத்திய சர்க்கார் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், தடிமனான கண்ணாடி போட்டவர். வந்தவர் செடியைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஹாலை அளப்பதுபோல ஒரு பார்வை பார்த்து, "ஐம்பது பேர் உட்காரலாம். மைக்கை அந்த மூலையில் வைக்கலாம்" என்றார். அம்மனைத் தேடி வந்தாரா, ஹாலைத் தேடி வந்தாரா என்று அந்த அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

பிறகு எங்கள் வாசலில் செருப்புக் குவியல்தான். தெலுங்குக்காரர்களுக்குத் தீபாவளி முடிந்ததுமே கார்த்திகை மாதம், விளக்கோடு வந்தார்கள். வந்தவர்கள் தட்டிலிருந்த என் இலைகளைப் பிரசாதமென்று எடுத்துப் போனார்கள். வீட்டில் கொண்டுபோய்த் தீர்த்தத்தில் மிதக்கவிட்டார்களாம். இரண்டு நாளில் கூழாகிவிட்டதாம். ஒரு அம்மா திரும்பி வந்து, "உங்க வீட்ல ஏதோ தீட்டு இருக்குங்க" என்று எங்களிடமே சொன்னார். அழுகினால் எங்கள் தீட்டு, முளைத்தால் அவர்கள் பக்தி. நல்ல கணக்கு.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் என் மனைவி ஆபரேஷன் வேண்டாம் என்றாள்.

"நான் வேண்டிக்கிட்டதுக்கு அம்மா பதில் சொல்லிட்டா. இதுக்கு மேல கத்தி எதுக்குங்க?"

"டாக்டர் என்ன சொன்னார்னு மறந்துட்டியா? தள்ளிப்போட்டா பார்வை போயிடும்."

"போகவிடுவாளா அவ?"

மேல்மாடி அம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து தாளம் போட்டார். "நக்கோ அண்ணா, வற்புறுத்தாதீங்க. அம்மா குடுத்தத வேணாம்னு சொல்ற மாதிரி ஆயிடும்." பஜனைத் தலைவர் அதற்கும் மேலே. "அம்பாளே ஆபரேஷன் பண்ணியாச்சு சார். கட்டுப் பிரிக்கிறதுதான் பாக்கி" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இருட்டப்போவது அவர்கள் கண் அல்ல. அவர்களுக்கு என்ன?

மகன் போனில் கத்தினான். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேதியைத் தள்ளி வாங்கி வந்தேன். அன்று அம்மன் முன்னால் நின்று, உன் பெயரைச் சொல்லித்தானே தாயே இவளைக் குருடாக்கப் பார்க்கிறார்கள், நீ சும்மா இருக்கிறாயே என்று கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன்.

ஒரு சாயங்காலம் குகட்பள்ளியிலிருந்து ஒரு குடும்பம் வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தது. பஜனைத் தலைவர் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "நல்லா உத்துப் பாருங்க, அம்பாள் முகம் தெரியும். மூக்குத்தி தெரியுதா?" மேல்மாடி அம்மாள், "முகம் இல்லங்க, சங்கு" என்றார். வேனில் வந்த பெரியவர் திரிசூலம் என்றார். மூன்று பேருக்கும் வாக்குவாதம். என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, யார் பேசினாலும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "என்ன கலர்ங்க?" என்று கேட்டாள். ஒருவர் தங்க நிறம் என்றார், இன்னொருவர் குங்கும நிறம் என்றார்.

எல்லோரும் போனபின் என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, நீங்க சொல்லுங்க. அது எப்படி இருக்கு?"

"சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு செடி. சாம்பல் பூத்த பச்சை. பழைய இலை வாடிப்போச்சு."

"முகம்?"

"இல்ல."

"சங்கு?"

"அதுவும் இல்ல."

எழுந்து அலமாரிவரை கையால் தடவிக்கொண்டு போனாள். பிறகு சொன்னாள்: "ஊரே பாத்துட்டுப் போயிடுச்சு. என் வீட்டு அம்மன் கால்ல முளைச்சத நான் மட்டும்தான் பாக்கல. கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றாங்க. டாக்டரைக் கேளுங்க, சீக்கிரமா ஒரு நாள் குடுக்கச் சொல்லி."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. செய்தி கேட்டுப் பஜனைத் தலைவர் மறுநாளே வந்துவிட்டார். "என்னம்மா இது, அம்பாளை நம்பாம கத்தியை நம்பறேளே?"

"சார், உங்க கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு இத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

மனுஷர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கழற்றவில்லை. மைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

வலது கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. அவள் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. கட்டைப் பிரித்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, நேராகப் பூஜை அலமாரிக்குப் போனாள். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று சிரித்தாள். அப்புறம், "குட்டியா, அழகா இருக்குங்க" என்றாள். நிமிர்ந்து அம்மன் படத்தைப் பார்த்தாள். முகம் மாறியது. "கண்ணாடி மேல எவ்வளவு எண்ணெய்ப் பிசுக்கு! இத்தனை பேர் வந்து கும்பிட்டாங்களே, ஒருத்தராவது துடைச்சாங்களா?" என்று முந்தானையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே அழுதாள். இவ்வளவு துலக்கமாக அம்மனின் முகத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்றாள். கண்ணைக் கசக்காதே, டாக்டர் திட்டுவார் என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு இடது கண்ணிலும் செய்துகொண்டாள். ஊருக்குப் போய்க் கண்மலர் சாத்தினோம்.

இத்தோடு முடிந்தது என்று இருந்தேன். சென்ற மாதம் ஒரு பெண் போன் செய்தாள். எங்கிருந்தோ நம்பர் வாங்கியிருக்கிறாள். "ஐயா, உங்க வீட்டு இலையைக் கண்ல வச்சதும் அம்மாவுக்குப் பார்வை வந்துடுச்சுன்னு அந்தப் படத்துக்குக் கீழ போட்டிருக்கே. எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. ஒரு இலை கிடைக்குமா? அது வந்தா ஆபரேஷன் வேண்டாம்னு அம்மா சொல்றாங்க."

போனை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் அரை மணி பேசினாள். தன் அம்மாவை அழைத்துக்கொண்டு அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனாளா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த நம்பருக்குத் திரும்பப் போட்டால் யாரும் எடுப்பதில்லை.

போன் செய்தவள் ஒருத்தி. செய்யாமலே நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேரோ. அதனால் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் படம் உங்களுக்கு வந்தால், அதை அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள். கூட ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம், ஒரு வார்த்தை குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக ஆபரேஷன் நடந்தது என்பதை எடுத்துவிடாதீர்கள். என் மனைவியின் கண்ணைக் காப்பாற்றியது அம்மன்தான் என்று நானும் நம்புகிறேன். அவள் டாக்டரின் கையால் காப்பாற்றினாள். அப்படியே சொல்லுங்கள்.