முத்துமீனாளின் இடுப்புக் கிண்ணம்

முத்துமீனாள் நடந்தே சம்பாதித்தவள். மேலநீலிதநல்லூர் யூனியனில் கிராம சேவிகா வேலை. காலையில் சங்கரன்கோவிலில் பஸ் ஏறி, மேலநீலிதநல்லூரில் இறங்கி, மானாவாரிக் காடுகளைத் தாண்டி ஊர் ஊராகப் போய், பிள்ளைக்குச் சத்துமாவு கிண்டுவது முதல் தடுப்பூசி வரை சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். பஸ் போகிற ஊருக்கு யார் வேண்டுமானாலும் போவார்கள். பஸ் போகாத ஊர்களைத்தான் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். அப்படிப்பட்டவளுக்கு முப்பத்தொன்பது வயதில் இடது இடுப்பு மூட்டு செத்துப்போனது.

1977இல் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டை மாற்றினார்கள். தொடையெலும்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் எஃகுக் குண்டு. அது உட்கார்ந்து உருள இடுப்புக் குழியில் வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணம். அவள் மயக்கத்தில் கிடந்த நேரத்தில், கணவர் குற்றாலநாதன் வெளியே பெஞ்சில் இருந்தபடி சங்கரன்கோவில் கோமதி அம்மனிடம் பேசி முடித்துவிட்டார். இவள் எழுந்து நடந்தால் வருஷா வருஷம் ஆடித்தபசுக்குக் கோவிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றுவாள். ஒற்றைக்காலில் தவம் நிற்கும் அம்மனின் கால்வலியில், ஆடிச்சுற்று சுற்றுகிறவர்கள் பங்கு வாங்கிக்கொள்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். பங்கு வாங்கப்போவது யார் கால் என்று மட்டும் மனிதர் யோசிக்கவில்லை. இருபது வருஷமாகத் தாலுகா ஆபீஸ் நாற்காலியில் இருப்பவர் அவர்.

அவள் நடந்தாள். கம்பில்லாமல் நடக்கிற திமிரில் முதல் இரண்டு ஆடி சந்தோஷமாகவே சுற்றினாள். பிறகு அது சந்தோஷமுமில்லை, துக்கமுமில்லை. கொடியேறியதிலிருந்து பன்னிரண்டு நாளும் வேலை முடிந்து வந்து, பையை வைத்துவிட்டு, ஒன்பது சுற்று. குற்றாலநாதன் நிழலில் உட்கார்ந்து எண்ணுவார்.

எட்டாவது வருஷ ஆடி முடிந்ததும் அடித்தொடையில் வலி ஆரம்பித்தது. இடது கால் அரை விரற்கடை குட்டையானதுபோல் இருந்தது. இருவரும் சென்னைக்குப் போனார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குண்டு கிண்ணத்தின் நடுவில் இல்லை. தேய்த்துக்கொண்டு மேலே ஏறியிருந்தது. தேய்ந்த தூள் சுற்றியிருக்கிற எலும்பையும் அரித்துக்கொண்டிருந்தது. மறுபடி அறுத்தால் புதுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள எலும்பு போதுமா என்பதே சந்தேகமாம். அதைத் தள்ளிப்போட நடையைக் குறைக்கச் சொன்னார்.

“இது வருஷக் கணக்குல தேயறது இல்லம்மா, நடக்குற அடிக் கணக்குல தேயறது. செருப்பு மாதிரி. வேலைக்குப் போக நடங்க, வேண்டாத நடை நடக்காதீங்கன்னு அன்னைக்கே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே” என்றார் டாக்டர்.

குற்றாலநாதன் மின்விசிறியைப் பார்த்தார்.

ரயில் விருதுநகர் தாண்டியது. அவள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள், ஏன் சொல்லவில்லை என்று. “பிளாஸ்டிக் எப்படிட்டி தேயும்? நம்ம வீட்டுக் குடம் பத்து வருஷமா கெடக்கு, தேஞ்சா போச்சு? டாக்டரு சும்மா பயங்காட்டுதாருன்னு நெனைச்சேன். அம்மங்கிட்ட வேற சொல்லியாச்சு” என்றார்.

அவள் கணக்குப் போட்டாள். எட்டு ஆடி, எண்ணூற்று அறுபத்துநான்கு சுற்று. அவள் வேலைக்கு நடந்த நடையின் பக்கத்தில் வைத்தால் அது கொசுறுதான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் காட்டுப்பாதையில் தேய்ந்தது அவளாகத் தேய்த்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிள்ளை, ஒரு வீடு இருந்தது. இந்தக் கொசுறு அவர் வாய் தேய்த்தது.

யூனியன் ஆபீஸில் அவளை மேஜையில் உட்கார வைத்தார்கள். அவள் ஊர்களுக்கு வேறொரு பெண் போனாள். எந்த ஊரில் எந்த வீட்டுப் பிள்ளை நோஞ்சான் என்று அந்தப் பெண் வந்து கேட்கும்போதெல்லாம் முத்துமீனாள் ஏட்டைப் பார்க்காமலே சரியாகச் சொல்லுவாள்.

அடுத்த ஆடியில் கொடியேறியது. குற்றாலநாதன் தயங்கித் தயங்கி, மெதுவாக மூன்று சுற்றாவது போட்டால் என்ன, அம்மன் கோபித்துக்கொள்வாளே என்றார். அவள் ரிக்‌ஷா வரச்சொல்லி அவரோடு கோவிலுக்குப் போனாள். பிரகாரத்தில் ஒரு தூணில் சாய்ந்து இடது காலை நீட்டிக்கொண்டு, ஒன்பது புளியங்கொட்டைகளை மடியில் போட்டாள்.

“நேந்தது நீங்க. சுத்துங்க, நான் எண்ணுதேன்.”

சுற்றி நின்ற சனம் பார்த்தது. அவருக்கு வேறு வழியில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். ஐந்தாவது சுற்றில் சட்டை நனைந்து, மூச்சு வாங்க வந்து, ஆறு முடிந்தது என்றார். அவள் மடியிலிருந்து தரைக்கு நகர்த்திய கொட்டைகளைக் காட்டினாள். ஐந்துதான் இருந்தன. அவர் தூணைப் பிடித்துக்கொண்டு முழங்காலைத் தடவினார்.

“கால் வலிக்குதுட்டி” என்றார்.

“அது அம்மனோட வலி. இன்னைக்குத்தான் உங்க பங்கு வந்திருக்கு” என்றாள் முத்துமீனாள். “இன்னும் நாலு சுத்து கெடக்கு, போயிட்டு வாங்க.”