சுவரோடு போன பக்கம்

டயகம பஸ்ஸில் ஏறி ஃபோனைத் திறந்தால் எங்கள் காமிக்ஸ் குழுவில் ஒரே சண்டை. நாங்கள் படித்து வளர்ந்த காமிக்ஸ் பதிப்பகத்தைப் பெரிய சினிமா கம்பனி ஒன்று வாங்கிவிட்டதாம்.

"இனி வருசத்துக்கு ரெண்டு படம் வரும்" என்று ஒருவர் குதிக்கிறார்.

"கதையைக் கெடுத்துருவாங்க பாருங்க" என்று இன்னொருவர் அழுகிறார்.

எனக்கு அந்தக் கதைகள் பாதிதான் தெரியும்.

குளிர்காற்று புகாமலிருக்க, தேயிலைத் தோட்டத்து எங்கள் லய வீட்டுச் சுவரில் பழைய காமிக்ஸ் தாள்களை மாவுப்பசையால் ஒட்டியிருந்தோம். ஒரு பக்கம் கண்முன்னே இருக்கும். மறுபக்கம் சுவரோடு போய்விடும். அந்த மறுபக்கத்தை அக்காதான் எனக்குச் சொல்வாள், நேரில் பார்த்தவள் போல.

செய்தியை அக்காவுக்கு அனுப்பினேன். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஆறு வருடமாகிறது. கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது.

"ஏன்டா தம்பி, நான் சொன்ன கதையையும் சேத்தா வாங்கிட்டாங்க?"

சிரித்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"இங்க மேடத்தோட புள்ளைய அதச் சொல்லித்தான்டா தூங்க வைக்கிறேன். என் மகளுக்குத்தான் ஒண்ணுமே சொல்லல. கைக்கொழந்தையா விட்டுட்டு வந்துட்டேன்."

பஸ் ஹட்டனுக்கு வரும்வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

கம்பனி எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கட்டும். உங்களில் யாரிடமாவது அந்தப் பழைய இதழ்கள் முழுசாக இருந்தால் மட்டும், தயவுசெய்து எனக்கு அனுப்பிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் வளரும் அக்கா மகள் பார்த்துவிடுவாள்.

மறுபக்கத்தை அவள் அம்மா வந்து சொல்லட்டும்.