பேட்ஸ்மேன் ஜோதிக்கு ஒரு 'ங்க'

கிரிக்கெட் கமென்ட்ரி சொல்றது உலகத்துலயே ஈசியான வேலைன்னு நெனச்சிக்கினு இருந்தேன். பந்து எங்க போவுதோ அங்க வாயும் போவணும், அவ்ளோதான்.

பாலிடெக்னிக்க ரெண்டாவது வருசத்துலயே வுட்டுட்டு வந்தவன் நான். உத்திரமேரூர் சுத்துவட்டாரத்துல என் பேரு பாதிப் பேருக்குத் தெரியாது, 'மைக்கு'ன்னாதான் தெரியும். ஞாயித்துக்கெழம எங்க டென்னிஸ் பால் மேட்ச்சு நடந்தாலும் வேப்பமரத்துக்குக் கீழ ஒரு சேரு, ஒரு மைக்கு, ஒரு பன்னீர் சோடா, பக்கத்துல நானு. எல்லாம் நல்லாத்தான் போயிக்கினு இருந்துச்சி. எங்கியோ குந்திக்கினு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைய மாத்தனாங்க பாரு, அதோட அடி என் வாயில வந்து விழுந்துச்சி. மைக்கு புடிச்சி அடி வாங்கன சகாக்களே, கொஞ்சம் நெருங்கி குந்துங்க.

பேட்டர் அவுட்டு

டிவியில மேட்ச்சு பாத்துக்கினு இருக்கேன், கமென்ட்ரிகாரரு 'பேட்டர்' 'பேட்டர்'ன்னு சொல்லிக்கினே கீறாரு. மொதல்ல என் காதுலதான் கோளாறுன்னு நெனச்சேன். அப்புறம் போன்ல தேடிப் பாத்தா, பொண்ணுங்களும் ஆடறாங்க இல்ல, அதனால 'பேட்ஸ்மேன்' வாணாம், ரெண்டு பேருக்கும் பொதுவா 'பேட்டர்'ன்னு மாத்திட்டாங்களாம். எனக்கு ஒரே ஆச்சரியம். இத்தினி வருசமா அந்த வார்த்தைக்குள்ள ஒரு ஆம்பள குந்திக்கினு இருந்துகிறான், தெனம் அவன் பேரச் சொல்லி கூவற நானே பாக்கல!

அடுத்த ஞாயித்துக்கெழமயே புதுசா கூவ ஆரம்பிச்சிட்டேன். கிரவுண்டு ஓரமா ரோட்டு மேல செல்வி அக்கா இட்லி மாவு பாக்கெட்டு போட்டு விக்கும். பாக்கெட்டு மேல 'இட்லி பேட்டர்'ன்னு கொட்டையா அச்சடிச்சிகிது. நாலாவது விக்கெட்டு விழுந்துச்சி, நான் தொண்ட கிழிய 'பேட்டர் அவுட்டூ'ன்னேன். அக்கா முந்தானிய இழுத்து சொருவிக்கினு நேரா மரத்தாண்ட வந்துட்டுது. "டேய் மைக்கு, காலையிலேர்ந்து பத்து பாக்கெட்டுகூட போவல. நீ இன்னாத்துக்குடா ஊருக்கே கேக்கற மாதிரி மாவு தீந்துடுச்சின்னு சொல்லிக்கினு கீற?"

கல்யாணம் ஆவாத ஓவரு

இந்த வருசம்தான் எங்க கிளப்புல மொத மொறயா பொண்ணுங்களுக்கும் மேட்ச்சு வச்சாங்க. அதுல ஆட காவாந்தண்டலத்துலேர்ந்து ஜோதின்னு ஒரு பொண்ணு வந்துச்சி. பிளஸ் டூ முடிச்சிட்டு கீது, அவங்கப்பா கரும்பு வெட்டப் போறவரு. காஞ்சிபுரம் பக்கம் ஒரு காலேஜுல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு கேட்டுகிது. ஆடன மேட்ச்சோட சர்டிபிகேட்டக் காட்டனாதான் ட்ரையலுக்கே கூப்புடுவாங்களாம். கெடைக்கலன்னா அடுத்த மாசம் வூட்டுல கம்பெனி வேன்ல ஏத்தி பேக்கிங் வேலைக்கு அனுப்பிடுவாங்க. இத்த வந்த ஒடனே என்னாண்ட சொல்லிட்டுதான் ஷூவே மாட்டுச்சி.

பவுண்டரியாண்ட என் டேபிளுக்குப் பக்கத்துலதான் பீல்டிங். ஒரு ஓவரு ரன்னே போவல, நான் 'மெய்டன் ஓவர்'ன்னேன். "மெய்டன்னா இன்னாண்ணா?"ன்னு திரும்பி கேட்டுச்சி. நாலு வருசமா கூவறேன், எனக்கே தெரியாது. போன்ல பாத்தா, கல்யாணம் ஆவாத பொண்ணுன்னு போட்டுகிது. சொன்னேன். பந்து வருதான்னு ஒரு கண்ணு வச்சிக்கினே கேட்டுச்சி: "அப்போ ஒரு ரன்னு குட்த்துட்டா ஓவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

மூணாவது ஆம்பள

அன்னிக்கி என் வாயி பழைய தடத்துலயே ஓடிச்சி. 'தேர்டு மேன்'னு ஒரு பீல்டிங் எடம், அதுல ஒரு பொண்ண நிக்க வச்சாங்க. நான் பழக்கத்துல 'தேர்டு மேன் சூப்பரா புட்ச்சாரு'ன்னுட்டேன். ட்ராக்டரு மேல குந்திக்கினு பாத்த கும்பல் கிரவுண்ட ஒரு சுத்து தேடுச்சி. அதுலேர்ந்து ஒரு குரலு: "அம்பயரு ரெண்டு பேரு ஆம்பள, சரி. மூணாவது ஆம்பள மைக்குல இல்ல கீறான், அவன் எப்படா கேட்ச்சு புட்ச்சான்?"

டக் அவுட்டு மரியாத

ஜோதி பேட்டிங் எறங்குச்சி. எட்டு ஓவரு மேட்ச்சுல தனியா நாப்பத்தோரு ரன்னு. ஒரு பந்து ட்ராக்டரத் தாண்டி நெல்லு வயலுல போயி விழுந்துச்சி. நான் சேருலேர்ந்து எகிறி, 'தூக்கி அட்ச்சான் பாரு ஜோதி!'ன்னு கத்திட்டேன். நாலு பேரு சிரிச்சாங்க. ஒடனே 'அட்ச்சா'ன்னு மாத்தனேன். அது இன்னும் ஒரு மாதிரியா கேட்டுச்சி.

மத்தியானம் ஆம்பள பசங்க மேட்ச்சு. மைக்கு செட்டுக்கு ஸ்பான்சரு ரைஸ் மில்லு ஓனரு, அவரு பையன் எறங்கனான். மொத பந்துலயே ஸ்டம்பு பறந்துச்சி. நான், 'வந்தாங்க, நின்னாங்க, துரதிர்ஷ்டவசமா அவுட்டு ஆயிட்டாங்க'ன்னு பவ்யமா சொன்னேன். சோறு துன்னுக்கினு இருந்த ஜோதி பொட்டலத்த மடிச்சி வச்சிட்டு வந்து நின்னுச்சி. கோவமே இல்ல, நெஜமாவே தெரிஞ்சிக்கணும்ன்ற மாதிரி கேட்டுச்சி: "முட்ட வாங்கனவருக்கு 'ங்க', நாப்பத்தோரு ரன்னு அட்ச்ச எனக்கு 'அட்ச்சான்', 'அட்ச்சா'தானாண்ணா?"

அண்ணனோட சர்டிபிகேட்டு

அந்தக் கேள்வி வூட்டுக்கு வந்தும் வுடல. போன்ல நோண்டிக்கினே கீறேன். ஆம்பளயா பொம்பளயான்னு தெரியாத ஒரே ஆளுக்கு 'ஹி'யும் வாணாம் 'ஷி'யும் வாணாம்னு இங்கிலீஷ்ல 'தே' போடறாங்களாம். அடங்கொய்யால, அது நம்ம 'ங்க' மாதிரிதான கீது! நம்ம கையில சும்மா கெடக்குது, ரைஸ் மில்லு பையனுக்கு மட்டும் எடுத்து செலவு பண்ணிக்கினு கீறோம்.

மறுநாளும் நான் இப்டி ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கறப்போ ஜோதிகிட்டேர்ந்து போனு. எங்க கிளப்பு குட்த்த சர்டிபிகேட்ட காலேஜு ஆபீசுல திருப்பிக் குட்த்துட்டாங்க. அதுல 'பெஸ்ட் பேட்ஸ்மேன்', 'சன் ஆஃப் மனோகரன்', 'ஹி ஹேஸ் ப்ளேட் வெல்'. பேரு வேற ஜோதி; எங்க ஊருல ஜோதின்னு மீச வச்ச ஆளே மூணு பேரு கீறாங்க. கிளார்க்கு பாத்துட்டு, 'உங்க அண்ணனுத எடுத்துனு வந்துட்டியாம்மா'ன்னு கேட்டுகிறாரு. ட்ரையல் லிஸ்டு மறுநாளு சாயங்காலம் மூடறாங்க. நான் வண்டிய முறுக்கிக்கினு கிளப்பு செகரட்டரி பாபு அண்ணன் வூட்டுக்குப் போயி சண்ட போட்டேன். அவரு பல்லு குத்திக்கினே சொன்னாரு: "ஆறு வருசமா இதே அச்சுதான் அடிக்கறோம் மைக்கு, இதுவரிக்கும் ஒரு பையன்கூட கம்ப்ளெயின்டு பண்ணலியே?"

சமையலுக்கு கோட்டா இல்ல

காலையில பிரிண்டிங் கட ஷட்டரத் தொறந்த ஒடனே நானே பக்கத்துல நின்னு புது சர்டிபிகேட்டு அடிக்க வச்சேன். 'சன்'னுக்கு 'டாட்டர்', 'ஹி'க்கு 'ஷி', பேட்ஸ்மேனுக்கு 'பேட்டர்'. பாபு அண்ணன் சீலு குத்தனாரு. ஜோதியும் நானும் பஸ்ஸு புட்ச்சி காஞ்சிபுரம் போனோம். வழி பூரா அது அந்த பேப்பர மடியிலகூட வைக்கல, மடங்கிடப் போவுதுன்னு ரெண்டு கையிலயும் தட்டு மாதிரி ஏந்திக்கினு வந்துச்சி. அங்க போனா, கிளார்க்கு கண்ணாடியத் தூக்கி வச்சி 'பெஸ்ட் பேட்டர்'ன்னு எழுத்துக்கூட்டிப் படிச்சாரு. ரொம்ப பாவமா பாத்து, 'சமையல் போட்டிக்கெல்லாம் இங்க கோட்டா கெடையாதும்மா'ன்னு பேப்பரத் தள்ளனாரு.

ஜோதி மொகம் செத்துப் போச்சி. எனக்கும் இங்கிலீஷ்ல வெளக்கம் வரல. தெரிஞ்ச தொழில் ஒண்ணுதான. பேனாவ மைக்கு மாதிரி புடிச்சிக்கினு, ஆபீசு அதிர ஆரம்பிச்சிட்டேன்: 'காவாந்தண்டலம் ஜோதி எறங்கறாங்க! பேட்ட ஊணி கார்டு எடுக்கறாங்க! பந்து வருது... தூக்கி அட்ச்சாங்க! ட்ராக்டரத் தாண்டி, வரப்பத் தாண்டி, வயலுக்குள்ள ஆறு! தனி ஆளா நாப்பத்தொண்ணு எட்த்துகிறாங்க!' லைன்ல நின்னவங்க எல்லாரும் எட்டிப் பாத்தாங்க. 'யாருப்பா அந்த ஜோதி?'ன்னாரு கிளார்க்கு. 'இவங்கதான் சார்'னேன். அவரு ஜோதிய மேலயும் கீழயும் பாத்தாரு, பேப்பரப் பாத்தாரு, அப்புறம் லிஸ்டுல பேர எழுதிக்கினே என்னப் பாத்து சொன்னாரு: "இத்த மொதல்லயே இப்டி சொல்றதுக்கு இன்னா தம்பி கேடு, மாவு கீவுன்னு எழுதிக்கினு வந்துகிறீங்க?"

கேக்காம வந்தது

ட்ரையலன்னிக்கும் கூடப் போனேன். கையில மைக்கு இல்லாம கிரவுண்டு ஓரத்துல நிக்கறது, சட்ட இல்லாம ரோட்டுல நிக்கற மாதிரி இருந்துச்சி. முப்பது பொண்ணுங்க லைன்ல கீறாங்க. ஜோதிக்கு முன்னாடி ஆடன பொண்ணு கவரு டிரைவ்ல பொளந்து கட்டிக்கினு கீது. ஜோதி கிளவுஸக் கழட்டுது, மாட்டுது, கழட்டுது.

கோச்சு ஒரு மேடம். தலைல தொப்பி, கழுத்துல விசிலு, கையில லிஸ்டு. நிமிந்துகூடப் பாக்கல. 'நெக்ஸ்ட் பேட்டர், ஜோதி, உள்ள வாங்க'ன்னாங்க. அவங்களுக்கு அது தெனமும் நூறு தபா சொல்ற வார்த்த. ஜோதி ரெண்டு எட்டு வச்சிட்டு நின்னுச்சி. திரும்பி என்னப் பாத்து, அன்னிக்கி மொத தபாவா சிரிச்சிச்சி. "கேட்டியாண்ணா அந்த 'ங்க'வ? நான் கேக்கவே இல்ல, தானா வந்துச்சி."

சாயங்காலம் ஒட்டன லிஸ்டுல ஜோதி பேரு மூணாவதா இருந்துச்சி; இங்கிலீஷ் பேப்பர்ல நாலு தபா அரியரு வச்சி ஓடியாந்த நானு, 'பேட்டர்'னு ஒண்ணு, 'ங்க'ன்னு ஒண்ணு, ரெண்டே ரெண்டு வார்த்தைக்காக காஞ்சிபுரத்துக்கு ரெண்டு வாட்டி பஸ்ஸு ஏறிகிறேன்னு சொன்னா எங்க வாத்தியாரு நம்பவே மாட்டாரு.