பிரபு வீட்டுச் சுவரில் ராசாத்தி

மெழுகு பூசிய மரத்தரையின் வாசம் எங்காவது மூக்கில் பட்டால், இப்போதும் என் கால்விரல்கள் தாமாகவே சுருங்கிக்கொள்கின்றன. எண்பதுகளின் கடைசியில், நாங்கள் லண்டனுக்கு வந்து சேர்ந்த பிறகான இரண்டாவது கோடையில், நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு பழைய பிரபு மாளிகையைப் பார்க்க அப்பா எங்களை நாங்கள் குடியிருந்த மிச்சம் என்ற புறநகரிலிருந்து பஸ் மாறி மாறிக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் இருந்த கல் சிங்கங்களைக் கண்டதும் அம்மாவுக்கு அது கோயிலாகவே பட்டதோ என்னவோ, ஒருவரும் கேட்காமலே தன் காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, எங்களையும் கழற்ற வைத்தார். மற்ற எல்லோரும் சப்பாத்துக் காலோடு உலாவ, என் காலுறையின் ஓட்டை வழியே பெருவிரல் எட்டிப் பார்க்க, எனக்கு மானம் போனது. அன்றைக்குப் படவேண்டிய வெட்கம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மாளிகையைச் சுற்றிக்காட்டியவர் நரைத்த தலைமுடியுள்ள, இனிமையாகப் பேசும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. முன்பு அங்கே சின்ன வீடு ஒன்றுதான் இருந்ததாம். இலங்கையில் கோப்பித் தோட்டமும் பிறகு தேயிலைத் தோட்டமும் வைத்திருந்த ஒரு பிரபு அதை இடித்துவிட்டு இந்தப் பெரிய கூடத்தையும் பளிங்குப் படிக்கட்டையும் கட்டினாராம். நான் அதைத் தமிழில் சொன்னதும் அப்பாவின் நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தியளே, எங்கட நாட்டுக் காசு!" என்று ஏதோ தானே கொத்தனாருக்குக் கூலி கொடுத்தவர் போலச் சுவரைத் தட்டிப் பார்த்தார். சுவர் நெடுக அந்தக் குடும்பத்தாரின் ஓவியங்கள். ஒவ்வொன்றின் கீழும் பித்தளைத் தகட்டில் பெயர். பிரபுவின் வேட்டை நாய்க்கும் ஒரு ஓவியம், அதற்கும் ஒரு பெயர்த்தகடு.

சமையலறைக்குப் போகிற இருட்டு நடையில் ஒரு புகைப்படம் மட்டும் தனியாக மாட்டியிருந்தது. முதுகில் கூடையோடு பெண்கள், ஓரத்தில் ஒரு சிறுமி. கீழே 'தேயிலை கொய்வோர், இலங்கை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. "அம்மா, எங்கட ராசாத்தி!" என்று கத்திவிட்டேன்.

ராசாத்தி யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இருந்தவள். மலையகத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வேலைக்கென்று கொண்டுவந்து விடப்பட்டவள். என்னைவிடச் சில வயதே மூத்தவள். என் பள்ளிக்கூடச் சட்டையைத் தோய்த்து, எனக்குத் தலை பின்னிவிட்டு, தான் பள்ளிக்கூடமே போகாதவள். சாக்கு விரித்துக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் படுப்பாள். அவளுக்குத் தனிக் கோப்பை. நாங்கள் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதது எனக்கு நினைவிருந்தது. புகைப்படம் நூறு வருடப் பழசாக இருக்கும் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அதே ஒல்லிக் கழுத்து, அதே பார்வை.

அந்தப் பெண்மணி குனிந்து, "உங்கள் சொந்தக்காரர்களா?" என்று அன்போடு ஆங்கிலத்தில் கேட்டார். எப்போதும் ஆங்கிலம் பேச என்னைத்தான் முன்னால் தள்ளிவிடும் அம்மா, நான் வாய் திறப்பதற்குள் தானே பதில் சொன்னார். "நோ, நோ. நாட் அவர் பீப்பிள். எஸ்டேட் பீப்பிள்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்பாவும் தலையாட்டினார். காசு மட்டும் எங்கள் நாட்டுடையது, கூடை சுமந்தவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் காதுக்குள், "ஆக்களுக்கு முன்னால அவளின்ர கதை எடுக்கிறேல்ல" என்றார். எடுக்கவில்லை, அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருமே எடுக்கவில்லை.

போன மாதம் என் மகளோடு மறுபடியும் அங்கே போனேன். அந்த நடை இப்போது தேநீர்க்கடையாகிவிட்டது. புகைப்படத்தைக் காணவில்லை, கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. பிரபுக்களும் நாயும் பெயர்த்தகடுகளோடு அங்கேயே இருக்கிறார்கள். அன்று பின்னேரம் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், "ராசாத்தியின்ர சொந்தப் பேர் என்னம்மா?" என்று கேட்டேன். கத்தி நின்றது.

"ராசாத்தி எண்டு நாங்கள்தானே வச்சனாங்கள்" என்றார் அம்மா. "தாய் தகப்பன் என்ன பேர் வச்சதுகளோ, நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்ல, பிள்ளை."

வெட்கத்தில் இருவரும் தலை நிமிரவில்லை. இனி அவளைத் தேடுவதென்றாலும், யாரென்று சொல்லித் தேடுவது?