தலைவர் திறந்து வைத்த வீடு

ராகலை பஸ் நிலையத்துச் சுவரில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தலைவரின் படம் ஒட்டியிருக்கிறது. வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, கீழே கொட்டை எழுத்தில் ‘வீடற்றோருக்கு வீடு தந்த வள்ளல்’. போன மாதம்தான் போய்ச் சேர்ந்தார். நினைவு மலருக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள் மாஸ்டர் என்று அவருடைய ஆட்கள் வந்து கேட்டார்கள். செத்தவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டுமாம். யோசித்துப் பார்த்தேன், சட்டை எப்போதும் வெள்ளையாக இருந்தது என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மழைக்காலத்திலும் அது அழுக்காகாது. அழுக்காகிற இடத்துக்கு அவர் வந்தால்தானே.

அவர் தந்ததாகச் சொல்லும் அந்த வீட்டுக்குக் கல் சுமந்தவர்களில் நானும் ஒருவன். அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆடி மழையில் மேட்டு மண் சரிந்து, வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயங்களில் கடைசி லயத்தின் நான்கு ஒற்றையறைக் காம்பராக்களை மூடிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. மூன்று குடும்பங்கள் கொத்மலைப் பக்கம் சொந்தக்காரர்களிடம் போய்விட்டன. போக இடமில்லாமல் நின்றவர்கள் நான் அத்தை, மாமா என்று கூப்பிடும் இருவர். மாமாவுக்கு இழுப்பு நோய். எங்கள் காம்பராவில் ஏற்கெனவே ஏழு பேர். எல்லார் வீட்டிலும் அதே கதைதான். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் அவர்களுக்கு ஒரு மூலை கிடைத்தது. காலையில் பிள்ளைகள் வருமுன் பாய், சட்டி, மாமா எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். பகல் முழுக்க அவர், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக் கொட்டகையில் கம்பளிக்குள் மூச்சு இளைத்துக்கொண்டிருப்பார். “ஐப்பசி மழைக்கும் இப்படியே வெளியில வச்சீங்கன்னா ஆளு தாங்க மாட்டாரு” என்று தோட்டத்து டாக்டர் சொல்லிவிட்டார்.

தோட்டத்தை நடத்தும் துரை, லயத்துக்கு மேலே ஒரு துண்டு நிலம் காட்டினார். வீட்டுக்கு ஒரு தகரம் என்று பேசிக்கொண்டோம். கோழிக்கூட்டுக் கூரையைக் கழற்றிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. கீழே சிங்களக் கிராமத்திலிருந்து வீடு கட்டும் பாஸ் ஒருவர், தன் கரட் கிழங்குத் தோட்டத்தை விட்டுவிட்டு ஞாயிறுதோறும் ஏறி வந்தார். மத்தியானச் சோறு போதும் என்றார். ஏழு ஞாயிறில் ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னும் பின்னும் கதவு. தலைவர் ஒரே ஒரு நாள் வந்தார், படம் எடுத்துக்கொள்ள.

எட்டாவது ஞாயிறு பால் காய்ச்ச அத்தை பானையோடு போனபோது முன்கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி தலைவரின் சட்டைப்பையில்.

“நாமளே தொறந்துக்கிட்டா என்ன மரியாத? ஐயா வந்து ரிப்பன் வெட்டட்டும். இதப் பாத்து சந்தோசப்பட்டாத்தான் மத்தவங்களுக்கும் இருவது வீடு தருவாரு” என்றார் தலைவர்.

ஐயா என்பது அவருடைய கட்சிப் பெரியவர். ஐயாவுக்கு அந்த வாரம் கொழும்பில் கூட்டம், அடுத்த வாரம் ஒரு கல்யாணம், அதற்கடுத்த வாரம் தடிமன். ஐயாவின் மூக்கு சரியாகும்வரை மாமாவின் நெஞ்சு பொறுத்திருக்க வேண்டுமாம். நாங்கள் மட்டும் என்ன யோக்கியம்? இருபது வீடு என்றதும் வாயை மூடிக்கொண்டோம். அந்த இருபது வீடு இன்றுவரை வரவில்லை. அதே லயம், அதே ஒழுகும் தகரம். நான் இன்னும் கேவலம், விழாவுக்குப் பேனர் வாசகம் எழுதிக் கொடுத்தேன். அந்த ‘வள்ளல்’ என் உபயம்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் மாமாவின் உதடு நீலம் பூத்துவிட்டது. அத்தை எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. நேரே பாஸ் வீட்டுக்கு இறங்கிப் போனாள். அவர் வந்து பின்கதவின் கீல்களைக் கழற்றினார். “கதவு நான் போட்டது, நான் கழட்டுறது. தலைவர் கேட்டா எங்கிட்ட அனுப்பு” என்றார், தெரிந்த தமிழில். வெட்கம் பொறுக்காமல் நாங்கள் நாலு பேர் மாமாவைப் பாயோடு தூக்கிப்போய் உள்ளே கிடத்தினோம். அத்தை அடுப்பு மூட்டினாள். பாஸ் கதவைத் திரும்ப மாட்டினார். முன்பூட்டை யாரும் தொடவில்லை.

இரகசியம் என்றால் வயிறு வெடித்துவிடும் எங்கள் ஆட்களுக்கு. ஆனால் அன்றிலிருந்து பதினொரு நாள் தோட்டத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. மாமாவைக் காணோமே என்று கேட்க, தலைவர் அந்தக் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தவரா என்ன? ஒருமுறை மட்டும், “மேல என்னப்பா பொகையுது?” என்றார். “பனி, தலைவரே” என்றார் கங்காணி.

பன்னிரண்டாம் நாள் தப்பு மேளம் முழங்க ஐயா வந்து சேர்ந்தார். கத்தரிக்கோல் தட்டு என் கையில். ரிப்பன் அறுந்தது. தலைவர் சாவியை எடுத்து, படம் பிடிக்கிறவருக்காக உயர்த்திக் காட்டி, பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். உள்ளே ரொட்டி வெந்துகொண்டிருந்தது. மாமா சுவரில் சாய்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். அத்தை முந்தானையில் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள்.

“வாங்க. யாரப் பாக்க வந்தீங்க?”

ஐயாவுக்கு எந்தத் தோட்டம், யார் வீடு என்று எதுவும் தெரியாது, பாவம். “சும்மா... பாத்துட்டுப் போகலாம்னு” என்று இழுத்தார்.

“பாத்துட்டீங்கல்ல? கதவச் சாத்திட்டுப் போங்க. அவருக்குக் குளிரு ஆகாது.”

நான் தட்டைத் தலைவரின் கையில் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டினேன். கதவை உள்ளேயிருந்து சாத்தினேன்.