மூன்று குடத் தலைக்குளியல்

ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே இருந்த எங்கள் பட்டாசுக் கம்பெனியில் 2005 ஜூன் மாதம் நூற்றுப் பதினான்கு பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் சுருட்டை முடிக்காரி ஒருத்திதான். பெயர் வேல்விழி, தகப்பனார் தங்கச்சாமி, வயது இருபத்து மூன்று. 2001 பிப்ரவரி 12 அன்று வேலைக்குச் சேர்ந்தவள். நான்கு ஆண்டுகளில் எடுத்த விடுப்பு பதினொரு நாள். டைம் ஆபீஸில் வருகைப் பதிவேடு என் பொறுப்பு.

அவள் தாயார் இருளம்மாள் மகளுக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலில் மூன்று முறை மொட்டை போட்டவர். முதலாவது நேர்த்திக்கடன். மற்ற இரண்டும், அடுத்து முளைக்கும் முடி நேராக வரும் என்ற நம்பிக்கையில். ஒவ்வொரு முறையும் முன்னைவிட நெருக்கமான சுருளாக முளைத்தது. மூன்றாவது மொட்டையின்போது அவளுக்கு வயது பதினொன்று. ஒரு வருடம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள். இனிமேல் என் தலையில் கத்தி படக்கூடாது என்று தாயிடம் அப்போதே சொல்லிவிட்டாள். அதன்பிறகு படவும் இல்லை.

எங்கள் கம்பெனியில் வெடிமருந்து நிரப்பும் மருந்து அறைக்குள் போகிறவர்கள் முடி முழுவதையும் பருத்தித் தொப்பிக்குள் அடக்க வேண்டும். வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஜூன் 4, சனிக்கிழமை, வேல்விழி குனிந்து மருந்துத் தட்டைத் தூக்கியபோது தொப்பி கழன்று விழுந்தது. அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. போர்மேன் காளிராஜ் அவளை டைம் ஆபீஸுக்கு அழைத்து வந்தார்.

என் மேஜையில் வண்ணக் காகிதத் துணுக்குகள் கிடந்தன. காளிராஜ் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் சீப்பை எடுத்து, அவள் முடியில் நாலு இழுப்பு இழுத்து, துணுக்குகளுக்கு மேலே பிடித்தார். ஏழு துணுக்குகள் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டன.

“பாத்தியாத்தா? மருந்து ரூமுக்குள்ள இது என்ன செய்யும்னு உனக்கே தெரியும்.”

“தெரியும் அண்ணாச்சி.”

“கழுத்தோட கத்தரிச்சிட்டு வா. இல்லேன்னா வேற கம்பெனி பாத்துக்கோ.”

“மூணு வாரம் தாங்க. அடக்கிட்டு வாரேன்.”

“இருக்கன்குடி ஆத்தாளுக்கே அடங்காத முடி, உனக்கு அடங்கிருமாக்கும்?”

“ஆத்தா முடியக் கேட்டா, குடுத்தாச்சு. அடக்குறது எம் பாடு.”

காளிராஜ் கெட்டவர் அல்ல. மருந்து அறையில் இருப்பவர்களின் உயிர் அவர் பொறுப்பு. “இருபத்தேழாந் தேதி திங்கக்கிழமை சோதிப்பேன். அதுவரைக்கும் பெட்டி ஒட்டுற ஷெட்டுல இரு” என்றார்.

அதன்பின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் சொல்லச் சொல்ல நான் குறித்து வைத்தேன். காற்று உலர்ந்தால் மின்சாரம் ஏறும் என்பதால் அதன் ஈரப்பதத்தைத் தினமும் காலையில் எழுதுவதும் என் வேலையாதலால் அதையும் பக்கத்தில் குறித்தேன்.

ஜூன் 5: சீயக்காய் தேய்த்து எட்டுக் குடம் தண்ணீரில் அலசல். மத்தியானத்துக்குள் முடி பறந்து, தலை இரண்டு மடங்கு ஆயிற்று. ஜூன் 12: நல்லெண்ணெய், அரைகுறைச் சீயக்காய். முடி படிந்தது. ஆனால் பெட்டி ஷெட்டின் வண்ணக் காகிதத் தூசி அத்தனையும் எண்ணெயில் ஒட்டிக்கொண்டது. அவளோடு வேனில் வரும் மாரிக்கனி, “தேர் எப்பம்டி புறப்படுது?” என்று கேட்டாள்.

ஜூன் 19: செம்பருத்தி இலை. இரண்டு கை இலையைத் தண்ணீரில் கசக்கி, துணியில் வடிகட்டினால் கொழகொழவென்று ஒரு சாறு வரும். அதைத் தேய்த்துக் குளித்தாள். அவர்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. வீட்டில் இருந்தது மூன்று குடம். மூன்றாவது குடம் தீர்ந்தபோதும் முடியில் வழுவழுப்பு மிச்சம் இருந்தது. வேறு வழியில்லாமல் தாயின் பழைய நூல் சேலையால் முடியை அமுக்கிப் பிழிந்து, விரலால் கோதிவிட்டு, வெயிலில் உட்கார்ந்தாள். காய்ந்தபின் கண்ணாடியைப் பார்த்தால், ஒவ்வொரு சுருளும் சங்குச்சக்கரம் சுற்றியதுபோல் தனித்தனியாக, பளபளப்பாகத் தொங்கியது. ஒரு முடிகூட பறக்கவில்லை.

ஜூன் 20 காலை அவள் வந்து இறங்கியபோது ஷெட்டே திரும்பிப் பார்த்தது. மாலைக்குள் எல்லாம் போயிற்று. வேலை முடிந்ததும் பெண்கள் கேட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து, ஒருத்தி தலையை ஒருத்தி பேன் சீப்பால் வாரித் தூசி எடுப்பது அங்கே வழக்கம். மாரிக்கனி எப்போதும்போல வேல்விழியை முன்னால் இழுத்து உட்காரவைத்து வாரினாள். 5.40-க்கு வேன் வருவதற்குள் முடி பழையபடி பொங்கி நின்றது.

வேல்விழி தலையைத் தொட்டுப் பார்த்தாள். “ஏ மாரிக்கனி, நீதானா?”

“நான் என்னடி செஞ்சேன்? தூசியத்தான எடுத்தேன்.”

“காஞ்ச முடியில சீப்புடி. நாலு வருசமா நீ வாரிவிடுற, நானும் நல்லா வாருன்னு தலையக் குடுக்கேன்.”

“அப்பம் மூணு மொட்டையும் வீணா?”

“எங்கம்மாட்ட சொல்லிறாத.”

மறுநாளிலிருந்து வேலை நேரத்தில் தலையில் மெல்லிய துணி ஒன்றைக் கட்டிக்கொண்டாள். தூசி துணியோடு போயிற்று. சீப்பு அவள் தலையில் ஏறுவது குளிக்கும்போது மட்டும்தான். அதுவும் சாறு தேய்த்த ஈர முடியில், பல் அகன்ற மரச்சீப்பு.

ஜூன் 26 அன்று குழாயில் தண்ணீர் வந்தது. இருளம்மாள் எட்டுக் குடத்தையும் நிரப்பி வைத்து, “நல்லா அலசுடி, தண்ணி கெடக்கு” என்றார்.

“மூணு போதும்மா.”

“நாளைக்கு வேலை போனா?”

“போகாது. மூணுதான்.”

ஜூன் 27, காலை மணி 8.10, டைம் ஆபீஸ், ஈரப்பதம் 52 சதவீதம். மாரிக்கனியும் சாட்சிக்கு வந்து நின்றாள். வேல்விழி முடியைத் தளர்வாகப் பின்னிச் சுருட்டித் தொப்பி போட்டிருந்தாள். காளிராஜ் பத்து முறை குனியச் சொன்னார். தட்டைத் தூக்கச் சொன்னார். தலையை உதறச் சொன்னார். தொப்பி அசையவில்லை. ஓரத்தில் ஒரு முடிகூட எட்டிப் பார்க்கவில்லை.

“தொப்பியக் கழட்டு” என்று சீப்பை எடுத்தார். நாலு இழுப்பு இழுத்து, காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடித்தார். ஒன்றும் எழும்பவில்லை. சீப்பில் ஈரம் இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, தன் சட்டையில் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். ஒன்பது துணுக்குகள் துள்ளி ஒட்டின.

அவர் அணிந்திருந்தது பாலியஸ்டர் சட்டை.

மாரிக்கனி அதைக் கைகாட்டினாள். “அண்ணாச்சி, கரண்டு உங்க சட்டையில இருக்கு. நீங்க வேணும்னா பெட்டி ஷெட்டுல இருந்துக்கிடுங்க.”

காளிராஜ் சீப்பைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், கடைசியில் சிரித்துவிட்டார். “செயிச்சிட்டத்தா. உள்ள போ” என்றார்.

8.25-க்கு வேல்விழி செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு மருந்து அறைக்குள் நுழைந்தாள். 2008 தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மணவறையில் அந்தச் சுருளோடுதான் உட்கார்ந்திருந்தாள். அதற்கு முந்தைய நாளும் மூன்று குடம்தான் என்று இருளம்மாளே வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

2005 ஜூன் 27-ஆம் தேதிப் பதிவேட்டில் இரண்டு வரிகள் இருக்கின்றன. வேல்விழி: மருந்து அறை, சரியான நேரம். காளிராஜ்: நூல் சட்டை மாற்றி வர வீட்டுக்குப் போனதில் ஐம்பது நிமிடம் தாமதம்.