ஆலத்தூரில் இறங்கிவிட்டேன்

போன வருடம் ஆடி மாதம், நல்ல மழைக்காலம். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்து கொச்சி விமான நிலையத்துக்கு வேனில் போய்க்கொண்டிருந்தோம். என்னையும் கணவரையும் தவிர, எங்கள் சபையின் பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும் வேனில் இருந்தார்கள்.

வெளியில் இருப்பவர்கள் மார்மன்கள் என்று சொல்லும் கிறிஸ்தவச் சபை எங்களுடையது. கணவர் வழியாக நான் சேர்ந்தேன். ஞாயிறு கூடுவதற்குக் கோயம்புத்தூர் போவோம். ஆனால் அது ஆலயம் அல்ல. ஆலயம் என்பது வேறு. அதற்கு நாங்கள் விமானம் ஏறி வேறு நாட்டுக்குப் போக வேண்டும். அங்கே செய்யும் சடங்கு, சாவுக்குப் பிறகும் குடும்பத்தைப் பிரியாமல் வைக்கும் என்பது நம்பிக்கை. ஆலயத்தில் வழிபடுகிறவர்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு என்று தலைவர்கள் வாக்குத்தத்தம் கொடுப்பதையும் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் பயணத்துக்காக நாங்கள் வருடக்கணக்கில் காத்திருந்தோம்.

பிளஸ் டூ படிக்கும் மகளுக்குத் தேர்வு இருந்ததால், அவளை அடுத்த முறை கூட்டிப்போவதாக ஏற்பாடு. சில நாளாக அவளுக்குக் காய்ச்சல். கிளம்பும் அன்று காலை காய்ச்சல் விட்டிருந்தது. அந்தத் தைரியத்தில் என் தங்கையிடம் அவளை விட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

ஆலத்தூரை நெருங்கும்போது தங்கை போன் செய்தாள். "காச்சலெல்லாம் இல்லக்கா. ஆனா தண்ணி குடிச்சாக்கூட வாந்தி எடுக்கறா. வகுறு வலிக்குதுங்கறா. கையெல்லாம் ஐஸாட்ட இருக்குது."

வண்டியை நிறுத்தச் சொன்னேன். கணவருக்குக் கோபம். "காச்சல்தான் உட்டுப்போச்சே? ரெண்டு நா சாப்புடாம கெடந்த பலவீனமா இருக்கும். இப்ப எறங்குனா மறுபடி எப்பப் போவ?"

பெரியவர் கோபப்படவில்லை. "சிஸ்டர், இந்த மாதிரி நேரத்துலதானுங்க விசுவாசத்தைக் காட்டோணும். நீங்க அங்க கர்த்தரோட வேலையப் பாருங்க, உங்க புள்ளைய அவர் பாத்துக்குவாரு. வாக்குத்தத்தம் இருக்குதுங்கல்ல?" என்றார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். சரி, போகலாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். இருவரும் நல்லவர்கள். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எனக்கு அப்போது பெரிய யோசனை எதுவும் ஓடவில்லை. கை ஐஸாக இருக்கிறது என்ற ஒன்றுதான் மனத்தில் நின்றது. இறங்கிவிட்டேன். கணவரோடு வேன் போய்விட்டது. மழையில் ஒரு டாக்ஸியைப் பிடித்து வீட்டுக்குத் திரும்பினேன்.

மகள் சுருண்டு படுத்திருந்தாள். அவளைத் தூக்கி உட்காரவைத்தால் தலை நிற்கவில்லை. அதே டாக்ஸியில் பாலக்காட்டு மருத்துவமனைக்குப் போனோம். டெங்கு. காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் வைகியிருந்தா ரொம்ப கஷ்டமாயிருக்கும்" என்று மலையாளம் கலந்த தமிழில் டாக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் போன பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தங்கைக்கு என் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை போல. "ஏனக்கா, ஏரோப்ளேன் ஏறிப் போய்க் கும்புடற சாமி, நீ பாதியில எறங்குனா கோவிச்சுக்குமா?" என்றாள். மகள் கண்ணைத் திறக்காமலே, "சித்தி, சும்மாரு. அம்மா அழுதுரும்" என்றாள். அவள் பேசியதே போதும் என்றிருந்தது.

மறுநாள் கணவர் போனில் பேசினார். போனை விமானம் ஏறும்போதே அணைத்திருந்தார், ஆலயத்துக்குள் அதைக் கொண்டுபோகவும் முடியாது. வெளியே வந்த பிறகுதான் என் செய்திகளைப் பார்த்திருக்கிறார். அழுதார். "நான் உள்ள அவளுக்காகத்தான் வேண்டிக்கிட்டிருந்தேன். அதான் பொழச்சுக்கிட்டா" என்றார்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசமிருந்து, விருப்பப்பட்டவர்கள் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். அடுத்த மாதம் கணவர் மேடையேறி மகள் பிழைத்ததைச் சொன்னார். நான் வேனிலிருந்து இறங்கியது அதில் வரவில்லை. கூட்டம் முடிந்து பெரியவரிடம், "நானும் உங்க கூட வந்திருந்தா என்னங்க ஆயிருக்கும்?" என்று கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. "உங்களை எறங்க வெச்சதே அந்த வாக்குத்தத்தந்தானுங்க சிஸ்டர்."

போகச் சொன்னதும் அதுதான், இறங்க வைத்ததும் அதுதான். மகள் பிழைத்தால் வாக்கு நிறைவேறியது. பிழைக்காமல் போயிருந்தால், மறுமையில் அவளோடு சேர்ந்திருப்பாய் என்று அதே வாக்கைச் சொல்லி என்னைத் தேற்றியிருப்பார்கள். எது நடந்தாலும் பொய்க்காத அந்தச் சொல்லை வைத்து, அன்று வேனில் உட்கார்ந்திருப்பதா இறங்குவதா என்று என்னால் முடிவு செய்திருக்க முடியாது.

இன்னும் ஞாயிறு கூட்டத்துக்குப் போகிறேன், ஜெபிக்கிறேன். அடுத்த ஆலயப் பயணத்துக்குக் கணவர் நாள் பார்க்கிறார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. 'ஒன்றும் ஆகாது' என்று யாராவது அன்பாக உறுதி சொல்லும்போது மட்டும் எனக்கு இப்போது பயம் வருகிறது, ஏனென்றால் அன்று ஆலத்தூரில் அந்த அன்புக்கு நான் ஏறக்குறைய இணங்கியிருந்தேன்.